அல்புமின் மேல் புற்றுநோய் மருந்தை ஏற்றுவது எப்படி: ஆய்வகத்தில் தொடங்குபவர்களுக்கு

புற்றுநோய் மருந்தை ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தின் மேல் ஏற்றிக் கட்டிக்கு அனுப்பலாம் என்று படித்ததும் பலர் நேராக ஒரு பாட்டில் அல்புமின் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் மருந்துக்கு என்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீரில் கரைய மறுக்கிறதா? ரத்தத்தில் ஏற்றிய சற்று நேரத்தில் சிறுநீரகம் வழியாக வெளியே போய்விடுகிறதா? இல்லை, கட்டியைத் தாக்கும் அதே வேகத்தில் இதயத்தையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறதா? மூன்றுக்குமே அல்புமினை வைத்து ஏதாவது செய்யலாம், ஆனால் மூன்றுக்கும் வழி வேறு வேறு. கரையாத மருந்துக்கான வழியை நச்சுத்தன்மை அதிகமான மருந்துக்குப் போட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று மாதக்கணக்கில் தேடுபவர்கள் நிறையப் பேர்.

இது பிப்பெட் பிடிக்கத் தெரிந்த, உயிர்வேதியியல் அடிப்படை தெரிந்த, ஆனால் அல்புமின் பக்கம் இதுவரை போகாதவர்களுக்கான குறிப்பு. மனிதருக்கு ஏற்றும் மருந்தைத் தயாரிக்கும் வழிகாட்டி இல்லை. அது வேறு அறை, வேறு சட்டம்.

ஏன் அல்புமின், எதை எதிர்பார்க்கலாம்

நம் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் இருக்கிறது, வேறு எந்தப் புரதமும் அந்த அளவுக்கு இல்லை. 585 அமினோ அமிலங்கள், எடை சுமார் 66.5 கிலோடால்டன். கல்லீரல் தினமும் 10 முதல் 15 கிராம் வரை புதிதாகச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அரை ஆயுள் கிட்டத்தட்ட 19 நாள். இவ்வளவு நாள் தங்குவதற்கு இரண்டு காரணம். சிறுநீரகத்தின் வடிகட்டியில் எளிதில் நழுவாத அளவு என்பது ஒன்று. இரண்டாவது எஃப்சிஆர்என் என்ற ஏற்பி: ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் அல்புமினை விழுங்கும்போது, விழுங்கியதை வைக்கும் பையான என்டோசோமுக்குள் பிஎச் 6 அளவுக்கு இறங்கியதும் இந்த ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது, செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது, அங்கே பிஎச் 7.4 ஆனதும் விட்டுவிடுகிறது. செரித்துப்போயிருக்க வேண்டிய புரதம் மறுபடி ரத்தத்துக்கே வந்துவிடும்.

கட்டிக்குள் அது எப்படிப் போகிறது? 1986-இல் ஜப்பானின் குமமோட்டோவில் மட்சுமுராவும் மயேதாவும் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு ஆரம்பம். கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரமாக வளர்ந்தவை, சுவரில் இடைவெளி அதிகம், நிணநீர் வடிகாலும் சரியாக இருக்காது, அதனால் பெரிய மூலக்கூறுகள் உள்ளே கசிந்து அங்கேயே தேங்குகின்றன. அவர்கள் பின்தொடர்ந்தவற்றில் ஒன்று ஈவன்ஸ் நீலம் என்ற சாயம், அது ரத்தத்தில் கலந்ததும் அல்புமினோடு ஒட்டிக்கொள்ளும், ஆக நீலம் தேங்கிய இடத்தில் அல்புமின் தேங்கியிருக்கிறது என்று பொருள்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது அடுத்த கட்டம். ராஸ் மரபணு பிறழ்ந்த புற்றுசெல்கள் வெளியே இருக்கும் திரவத்தை அப்படியே வாய்நிறைய அள்ளி விழுங்குகின்றன, அதிலுள்ள புரதத்தைச் செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் வைத்து உடைத்து அமினோ அமிலங்களாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. மாக்ரோபினோசைட்டோசிஸ் என்கிற இந்த வழியைச் செல்லின் உணவுப் பாதையாக 2013-இல் காட்டினார்கள். அந்தச் செல்லுக்கு அல்புமின் சாப்பாடு. அதன் முதுகில் நாம் ஏற்றிவைத்தது எதுவானாலும் லைசோசோமில்தான் போய் இறங்கும், அங்கே பிஎச் 5-க்குப் பக்கம், புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைய. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்தையும் புரதத்தையும் இணைக்கும் லிங்கரின் தேர்வு முழுக்க இதைச் சுற்றித்தான்.

இனி கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர். 2016-இல் ஒரு குழு அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளின் நானோதுகள் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, ஊசியில் செலுத்திய அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். அல்புமின் ஊருக்கெல்லாம் போகும் பேருந்து, கட்டி அதில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். மீதி எல்லாம் கல்லீரலுக்கும் தோலுக்கும் தசைக்கும் போகும். ஆகவே அல்புமின் கட்டியைத் ‘தேடிப் போகும்’ என்று உங்கள் திட்டத்தில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நீண்ட நேரம் ரத்தத்தில் சுற்றும், கட்டியில் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கும், அந்தச் செல்கள் அதை விரும்பி விழுங்கும். இந்த மூன்றும் உண்மை. மருந்து மற்ற இடங்களில் கழலாமல் இருந்து கட்டிக்குள் மட்டும் கழன்றால்தான் இந்த மூன்றால் லாபம். சுமக்கும் புரதத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கை மருந்து எங்கே கழல்கிறது என்பதற்குச் செலவிடுங்கள் என்றுதான் நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜிபி60, ஸ்பார்க் என்று இரண்டு பெயர் பழைய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும். ரத்தக்குழாய்ச் சுவரிலிருக்கும் ஜிபி60 அல்புமினைப் பிடித்துக் கடத்தும், கட்டியைச் சுற்றியிருக்கும் ஸ்பார்க் என்ற புரதம் அதைப் பிடித்துவைக்கும் என்பது கதை. அழகான கதைதான். ஆனால் 861 கணையப் புற்று நோயாளிகளை வைத்து அல்புமின் ஏற்றிய பாக்லிடாக்சலைச் சோதித்த எம்பாக்ட் பரிசோதனையில், கட்டியில் ஸ்பார்க் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து யாருக்கு மருந்து கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மருந்து வேலை செய்தது, ஜெம்சிடபின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது நடுமதிப்பு ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 8.5 மாதமானது. அதற்கு ஸ்பார்க்தான் காரணம் என்பதுதான் நிற்கவில்லை.

பாட்டிலில் வருவது சுத்தமான அல்புமின் இல்லை

தொடக்கக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது, அதனால் நிதானமாகப் பார்ப்போம். மனிதப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த அல்புமினை வைரஸ் பயத்துக்காக 60 டிகிரியில் 10 மணி நேரம் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் புரதம் குலையாமலிருக்க ஆக்டனோயேட்டும் அசிட்டைல் டிரிப்டோஃபேனும் சேர்ப்பார்கள். இவை இரண்டும் சும்மா மிதப்பதில்லை, மருந்துகள் உட்காரும் அதே குழிகளில் உட்கார்ந்துகொள்கின்றன. 1975-இல் சட்லோ குழு இரண்டு முக்கியக் குழிகளை அடையாளம் கண்டது, முதலாவதில் வார்ஃபரின் உட்காரும், இரண்டாவதில் இப்யூபுரோஃபென். ஆக்டனோயேட் இந்த இரண்டாவதை அடைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மருந்து ஒட்டவில்லை என்று முடிவுகட்டினால் பாவம் மருந்துதான்.

எனவே ஒட்டும் திறனை அளக்கப்போகிறீர்கள் என்றால் கொழுப்பமிலம் நீக்கிய அல்புமின் வாங்குங்கள், அல்லது நீங்களே நீக்குங்கள். பழைய, நம்பகமான வழி கரித்தூள்: அல்புமின் கரைசலை பிஎச் 3-க்கு இறக்கி, புரதத்தின் எடையில் பாதி அளவுக்குக் கிளர்வூட்டிய கரி போட்டு, ஐஸில் வைத்து ஒரு மணி நேரம் கலக்கி, சென்ட்ரிஃபியூஜ் போட்டுக் கரியை இறக்கிவிட்டு, பிஎச்சை மறுபடி 7-க்கு ஏற்றுவது. அப்புறம் டயாலிசிஸ். அமிலத்தில் புரதம் பாதி விரிந்து கொழுப்பமிலத்தை விட்டுவிடும், நடுநிலைக்கு வந்ததும் மடங்கிக்கொள்ளும்.

அடுத்து தயால், அதாவது சிஸ்டீனில் இருக்கும் கந்தக-ஹைட்ரஜன் குழு. அல்புமினில் 35 சிஸ்டீன்கள், அவற்றில் 34 ஜோடி சேர்ந்து 17 டைசல்ஃபைடு பாலங்களாக இருக்கின்றன, தனியாக நிற்பது 34-ஆவது இடத்திலுள்ள ஒன்று மட்டும். ரசாயனப் பிணைப்பு போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது, ஒரு மூலக்கூறுக்கு ஒரே கொக்கி. ஆனால் கடையில் வாங்கிய அல்புமினில் அந்தக் கொக்கி பாதிக்கு மேல் அடைபட்டிருப்பது சகஜம், சிஸ்டீனோ குளுட்டாதயோனோ வந்து ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் ஆக்சிஜன் ஏறியிருக்கும். எல்மன் சோதனை செய்து பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள்: பிஎச் 8-இல், தயாலோடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் தரும் டிடிஎன்பி சேர்த்து, 412 நானோமீட்டரில் அளந்து, 14,150 என்ற கெழுவால் வகுத்தால் தயால் அளவு கிடைக்கும். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அல்புமின் என்றால் 150 மைக்ரோமோலார், அதில் எத்தனை பங்கு தயால் உயிரோடிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சிஸ்டீன் ஒரு பள்ளத்துக்குள் இருப்பதால் நிறம் மெதுவாகத்தான் ஏறும், இரண்டு நிமிடத்தில் அளந்துவிட்டு ஓடாதீர்கள், அரை மணி நேரம் கொடுங்கள்.

அடைப்பை எடுக்க, டைசல்ஃபைடை உடைக்கும் டிடிடி போடலாமா? மிகக் குறைந்த அளவில், கொஞ்ச நேரம், போடலாம். தாராளமாகப் போட்டால் 17 பாலங்களில் சில திறந்துகொள்ளும், அதன் பிறகு ஒரு கொக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒரே புரதத்தில் நாலைந்து மருந்து ஒட்டிக் கரைசல் கலங்கிவிடும். போட்டதை ஜெல் பத்தியில் ஓட்டி முழுசாக நீக்கிய பிறகே, தயாலோடு பிணையும் குழுவான மாலிமைடு உள்ள மருந்தைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் டிடிடியே மாலிமைடைத் தின்றுவிடும். அந்தப் பத்தியிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள், பல தொகுப்புகளில் இரட்டை மூலக்கூறுகளும் கட்டிதட்டியவையும் கலந்திருக்கும், ஒற்றை அல்புமின் சிகரத்தை மட்டும் சேகரித்துக்கொள்வது நல்லது.

முதல் வழி: ஒட்டவைப்பது

எதையும் ரசாயன முறையில் இணைக்காமல் மருந்து தானாக அல்புமினில் ஒட்டட்டும் என்று விடுவது. கேட்க எளிது. கணக்குப் போட்டால் பொறி தெரியும். ரத்தத்தில் அல்புமின் சுமார் 600 மைக்ரோமோலார் இருக்கிறது, ஆகவே பிரிகை மாறிலி (இது குறையக் குறைய ஒட்டல் உறுதி) 100 மைக்ரோமோலார் என்ற சுமாரான ஒட்டலிலேயே மருந்தில் 86 சதவீதம் ஒட்டிய நிலையில் இருக்கும். இதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஒட்டியிருப்பது வேறு, ஒட்டியபடியே பயணம் செய்வது வேறு. இப்படி ஒட்டிய மருந்து நொடிக்கு எத்தனையோ முறை கழன்று கழன்று ஒட்டுகிறது, வழியில் மருந்தை இன்னும் விரும்பிப் பிடிக்கும் திசு ஒன்று வந்தால் அங்கே இறங்கிவிடும்.

உறுதியாக ஒட்ட வேண்டும் என்றால் மருந்தோடு ஒரு கொழுப்பமில வாலைக் கட்டுங்கள். அல்புமினில் கொழுப்பமிலத்துக்கு ஏழு இடங்கள் இருக்கின்றன. இந்த உத்தி நன்றாக ஓடுகிறது என்பதற்குப் புற்றுநோய்க்கு வெளியே சாட்சிகள் உண்டு: 16 கார்பன் வாலோடு லிராகுளுடைடின் அரை ஆயுள் சுமார் 13 மணி நேரம், 18 கார்பன் இரட்டை அமில வாலும் வேறு சில மாற்றங்களும் சேர்ந்த செமாகுளுடைடுக்குச் சுமார் ஒரு வாரம். சிறுநீரகத்தில் சீக்கிரம் போய்விடுகிற சிறு பெப்டைடுக்கு இது நல்ல வழி. செல்லைக் கொல்லும் நச்சு மருந்துக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன், வால் ரத்த நேரத்தை நீட்டுமே தவிர எங்கே கழல வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது வழி: 34-ஆவது சிஸ்டீனில் கட்டுவது

நச்சுத்தன்மைதான் உங்கள் பிரச்சினை என்றால் இங்கே வாருங்கள். மாலிமைடு உள்ள மருந்தை பிஎச் 6.5 முதல் 7.5 வரை வைத்து அல்புமினோடு கலக்குங்கள். பிஎச் 8-ஐத் தாண்டினால் லைசின்களும் வினைபுரியத் தொடங்கும், மாலிமைடு வளையமும் தண்ணீரில் உடையும். மருந்து கரைய டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் தேவைப்பட்டால் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் நிறுத்தி, துளித்துளியாக, மெதுவாகக் கலக்கிக்கொண்டே சேருங்கள். வார்டெக்ஸ் வேண்டாம், நுரை வரும், காற்றும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் அல்புமின் விரிந்து கெட்டுப்போகும். சிஸ்டீன் பள்ளத்துக்குள் இருப்பதால் மாலிமைடுக்கும் மருந்துக்கும் நடுவில் ஐந்தாறு கார்பன் நீளமாவது வேண்டும், மொட்டையாக இருந்தால் எட்டாது.

மாலிமைடு பிணைப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும்போது மெதுவாகப் பின்வாங்கி, வேறு தயாலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இணைப்பு முடிந்த பிறகு வளையத்தை நீரால் திறக்கவைத்துவிட்டால் பின்வாங்காது, அதற்காகவே தானாகத் திறந்துகொள்ளும் மாலிமைடு வகைகள் வந்திருக்கின்றன. அல்புமின் 19 நாள் சுற்றப்போகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு 2 நாளில் கழலும் பிணைப்பைப் போடுவதில் அர்த்தமில்லை.

இணைப்பை வெளியே செய்யாமல் உடம்புக்குள்ளேயே நடக்க விடுவதும் ஒரு வழி, அதில் பிரபலமானது ஆல்டாக்ஸோரூபிசின். டாக்ஸோரூபிசினில் மாலிமைடு உள்ள ஒரு ஹைட்ரசோன் லிங்கரைக் கட்டி ஊசியில் போடுகிறார்கள், ரத்தத்தில் இருக்கும் அல்புமினே அதைச் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்கிறது. புரதத்தைச் சுத்தம் செய்யும் தலைவலியே இல்லை. இரண்டாம் கட்டப் பரிசோதனையில் சதுர மீட்டருக்கு 350 மில்லிகிராம் கொடுத்தார்கள், அது 260 மில்லிகிராம் டாக்ஸோரூபிசினுக்குச் சமம், ஒப்பீட்டுக்கு நின்ற சாதாரண டாக்ஸோரூபிசினின் அளவு 75. மூன்றரை மடங்கு ஏற்ற முடிந்தது என்பதே பெரிய விஷயம். ஆனாலும் மென்திசு சார்கோமாவில் நடந்த மூன்றாம் கட்டத்தில் மொத்த நோயாளிகளைக் கணக்கில் எடுத்தபோது முதன்மை இலக்கை எட்டவில்லை. அதிக மருந்தைத் தாங்க வைப்பதும் நோயை அதிகம் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல என்று அதைப் படித்தபோது தோன்றியது.

சரி, லிங்கர். ஹைட்ரசோன் அமிலத்தில் உடையும், பிஎச் 7.4-இல் ஓரளவு நிற்கும். ஓரளவுதான், நாள்கணக்கில் சுற்றும்போது அங்கேயும் கசியும். வாலின்-சிட்ருலின் ஜோடியை லைசோசோமில் உள்ள கதெப்சின் பி வெட்டும், ரத்தத்தில் இன்னும் உறுதியாக நிற்கும், ஆன்டிபாடி மருந்துகளில் நன்கு பழகிய ஒன்று. அல்புமின் லைசோசோமுக்குத்தான் போகிறது என்று மேலே பார்த்தோமே, அதனால் என் வாக்கு இரண்டாவதுக்கு. ஒரு எச்சரிக்கை, இந்த ஜோடியை எலியின் பிளாஸ்மாவில் இருக்கும் ஒரு கார்பாக்சிலெஸ்டரேஸ் நொதி வெட்டிவிடும், மனிதப் பிளாஸ்மாவில் அந்தத் தொல்லை இல்லை. எலியில் தோற்றதும் லிங்கரைக் குப்பையில் போடுவதற்கு முன் இரண்டு பிளாஸ்மாவிலும் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி: துகளாக்குவது

மருந்து கரையவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் இதுவே நேர்வழி. பாக்லிடாக்சலின் கதை தெரிந்திருக்கும். தண்ணீரில் கரையாததால் கிரிமோஃபர் என்ற எண்ணெய்க் கரைப்பானில் கொடுத்தார்கள், கரைப்பானே ஒவ்வாமையைக் கிளப்பியதால் முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும் கொடுக்க வேண்டியிருந்தது, 3 மணி நேரம் ஏற்ற வேண்டியிருந்தது. அல்புமினில் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய வடிவம் 2005 ஜனவரியில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. சதுர மீட்டருக்கு 175-க்குப் பதில் 260 மில்லிகிராம், அதுவும் 30 நிமிடத்தில். கட்டி சுருங்கியவர்களின் விகிதம் 19-இலிருந்து 33 சதவீதம் ஆனது. நரம்புப் பாதிப்பு மட்டும் குறையவில்லை, கடுமையான அளவில் பார்த்தால் கூடியது. மருந்து அதே மருந்துதானே.

இந்தத் துகள் ரத்தத்தில் நீர்த்ததும் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடுகிறது, அதன் பிறகு மருந்து சாதாரண அல்புமினோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது. 130 நானோமீட்டர் துகளாகவே கட்டிக்குள் போகிறது என்று படம் வரைந்து காட்டுபவர்களை நம்பாதீர்கள். அதன் வெற்றியில் பெரும்பங்கு அந்தக் கரைப்பானை ஒழித்ததற்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. அதே முறையில் சிரோலிமஸையும் ஏற்றி, பீகோமா என்ற அரிய கட்டிக்கு 2021 நவம்பரில் அனுமதி வாங்கினார்கள்.

தொழிற்சாலையில் இதற்கு உயர் அழுத்த ஹோமோஜினைசர் வேண்டும்: மருந்தைக் குளோரோஃபார்ம் மாதிரி ஒரு கரைப்பானில் கரைத்து, அல்புமின் கரைசலோடு சேர்த்து அழுத்தத்தில் செலுத்தி, கரைப்பானை ஆவியாக்கி, வடிகட்டி, உறைய வைத்து உலர்த்துவார்கள். சிறிய ஆய்வகத்தில் எத்தனால் முறைதான் கைக்கு அடக்கம். மில்லிலிட்டருக்கு 20 முதல் 50 மில்லிகிராம் அல்புமினை பிஎச் 8-க்கு மேல் வைத்துக் கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வேகத்தில் எத்தனால் விடுங்கள், கரைசல் பால்போல் கலங்கும்வரை. அல்புமின் மின்சுமையற்று நிற்கும் பிஎச் 4.7 அளவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறீர்களோ அவ்வளவு சிறிய துகள் வரும். அப்புறம் துகள் கரைந்துவிடாமலிருக்க குளுட்டரால்டிஹைடு போட்டு இரவு முழுக்க விட்டுவிடுவார்கள்.

நான் தயங்குவது அந்த இடத்தில்தான். குளுட்டரால்டிஹைடு அமீன்களைப் பிணைக்கும், டாக்ஸோரூபிசினிலும் ஒரு அமீன் இருக்கிறது. துகளோடு மருந்தும் நிரந்தரமாகக் கட்டுண்டு, ‘ஏற்றும் திறன் 95 சதவீதம், கசிவே இல்லை’ என்று ஒரு அருமையான வரைபடம் கிடைக்கும், அந்த மருந்து எந்தக் காலத்திலும் வெளியே வராது. உங்கள் மருந்தில் அமீன் இருந்தால் முதலில் துகளைப் பிணைத்து முடித்து, மிச்ச ஆல்டிஹைடைக் கிளைசீனால் அடைத்து, கழுவிவிட்டு, அதற்குப் பிறகு மருந்தை ஊறவைத்து ஏற்றுங்கள். பிணைப்பு அளவுக்கு மீறினால் லைசோசோம் நொதிகளால்கூடத் துகளை வெட்ட முடியாது, டிரிப்சினோ கதெப்சினோ சேர்த்து வைத்து துகள் கரைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற புரதங்கள்

டிரான்ஸ்ஃபெரின் பற்றிக் கேட்பார்கள். எடை சுமார் 80 கிலோடால்டன், இரண்டு இரும்பு அயனிகளைச் சுமக்கும். வேகமாகப் பெருகும் செல்களில் அதன் ஏற்பி அதிகம், இதுதான் ஈர்ப்பு. சிக்கல் மூன்று. ரத்தத்தில் ஏற்கெனவே ஏராளமான டிரான்ஸ்ஃபெரின் அதே ஏற்பிக்குப் போட்டியிடுகிறது. சிவப்பணுக்களை உருவாக்கும் மஜ்ஜைச் செல்களிலும் அதே ஏற்பி நிறைய. மூன்றாவது, டிரான்ஸ்ஃபெரின் செல்லுக்குள் போய் அமில என்டோசோமில் இரும்பைக் கொடுத்துவிட்டுச் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும், லைசோசோமுக்குப் போகாது, ஆக கதெப்சின் லிங்கர் போட்டால் மருந்து ஒரு சுற்றுப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்து நிற்கும். பிஎச் 5.5-இல் வேகமாக உடைவது வேண்டும். இரும்பு ஏறிய வடிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், வெறும் புரதம் பிஎச் 7.4-இல் ஏற்பியில் சரியாக ஒட்டாது. டிப்தீரியா நச்சின் மாற்று வடிவம் ஒன்றை டிரான்ஸ்ஃபெரினோடு கட்டி மூளைக்கட்டிக்குக் குழாய் வழியே நேரடியாகவே செலுத்திப் பார்த்தார்கள், மூன்றாம் கட்டம் வரை போய் நின்றுவிட்டது.

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளில் கொழுப்புத்தன்மை உள்ள மருந்தை ஏற்றலாம், ஆனால் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பதும் அது ஆக்சிஜனேற்றம் ஆகாமல் காப்பதும் பெரும்பாடு. முதல் திட்டமாக எடுக்க வேண்டாம்.

சோதிக்கும்போது

செய்ததை முதலில் மனிதப் பிளாஸ்மாவில் 37 டிகிரியில் வையுங்கள், தாங்கல் கரைசலில் வைத்துத் திருப்திப்படாதீர்கள். 1, 4, 24, 48, 72 மணி நேரத்தில் மாதிரி எடுத்து, குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் ஊற்றிப் புரதத்தை வீழ்த்தி, மேலே நிற்கும் திரவத்தை எச்பிஎல்சியில் ஓட்டுங்கள். ரசாயனமாகக் கட்டிய மருந்து கீழே புரதத்தோடு போய்விடும், கழன்றது மேலே இருக்கும். வெறுமனே ஒட்டியிருக்கும் மருந்துக்கு இது உதவாது, ஏனென்றால் அசிட்டோநைட்ரைல் அதையும் பிடுங்கிவிடும். அதற்கு 30 கிலோடால்டன் வடிகட்டியோ சமநிலை டயாலிசிஸோ வேண்டும். பாக்லிடாக்சல் போன்றவை வடிகட்டியின் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும், புரதம் இல்லாத மருந்துக் கரைசலை அதே வடிகட்டியில் ஓட்டி எவ்வளவு தொலைகிறது என்று பார்த்தால்தான் கிடைத்த எண்ணுக்கு மதிப்பு.

ஒளிரும் சாயம் கட்டிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பல சாயங்கள் அல்புமினில் தாமாகவே ஒட்டும், கழன்ற சாயம் எலியின் சொந்த அல்புமினில் ஏறிக்கொண்டு கட்டிக்குப் போய் ஒளிரும், உங்கள் வண்டி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். புரதத்துக்கு ஒரு அடையாளம், மருந்துக்கு இன்னொரு அடையாளம் என இரண்டு வைத்து, இரண்டும் கட்டிக்குள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதைவிட நல்லது, கட்டியை எடுத்து அரைத்து மருந்தை நேரடியாக அளந்துவிடுவது.

எலி விஷயத்தில் இரண்டு பெரிய பொறி. மனித அல்புமின் எலியின் எஃப்சிஆர்என் ஏற்பியில் பலவீனமாகத்தான் ஒட்டும், எலியின் சொந்த அல்புமினோடு போட்டியிலும் தோற்கும், அதனால் 19 நாள் என்ற கணக்கு அங்கே செல்லாது. எலியின் சொந்த அல்புமினுக்கே அரை ஆயுள் 1 முதல் 2 நாள்தான். மனித ஏற்பியைப் பொருத்திய எலி வகைகள் இருக்கின்றன, ரத்தத்தில் எத்தனை நேரம் நிற்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் அவற்றைத் தேடுங்கள். இன்னொன்று கட்டியின் அளவு. 20 கிராம் எலியில் 1 கிராம் கட்டி என்றால் உடல் எடையில் 5 சதவீதம், 60 கிலோ மனிதரில் அது 3 கிலோ கட்டி! அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வேகமாக வளர்ந்த கட்டியில் கசிவும் தேக்கமும் மிகையாகவே தெரியும். கட்டி சிறியதாக இருக்கும்போதே தொடங்குங்கள்.

ஒப்பீட்டுக் குழுவில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண மருந்து அதே மில்லிகிராம் அளவில் ஒரு குழு, சாதாரண மருந்து அது தாங்கக்கூடிய உச்ச அளவில் ஒரு குழு, மருந்தில்லாத அல்புமின் ஒரு குழு, அறுபடாத லிங்கரோடு ஒரு குழு. கடைசிக் குழுவிலும் கட்டி அதே அளவு சுருங்கினால் உங்கள் லிங்கர் பற்றிய விளக்கம் தவறு. பலரும் அந்தக் குழுவையே விட்டுவிடுகிறார்கள்.

நோயாளிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது, முற்றிய புற்றுநோயில் பலருக்கு ரத்த அல்புமின் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடலுக்குள்ளேயே அல்புமினைப் பிடிக்கும் வகை மருந்தை அது நேரடியாகப் பாதிக்கலாம், பிளாஸ்மா சோதனையை 40 கிராமிலும் 20 கிராமிலும் செய்து வைத்தால் பின்னால் கேள்வி வரும்போது பதில் கையில் இருக்கும்.

உலர்த்திய துகளைக் கரைக்கும் விதத்துக்கு மருத்துவமனையில் அல்புமின்-பாக்லிடாக்சல் குப்பியைக் கையாளும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 100 மில்லிகிராம் மருந்துள்ள குப்பியில் 20 மில்லிலிட்டர் சலைனை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், தூளின் மேல் நேராக விடாமல் கண்ணாடிச் சுவரோரமாக இறக்கி, 5 நிமிடம் நனையவிட்டு, அப்புறம் 2 நிமிடமாவது மெதுவாகச் சுழற்றுவார்கள். நுரை வந்துவிட்டால் 15 நிமிடம் அப்படியே வைத்துவிடுவார்கள், குலுக்க மாட்டார்கள்.

எலிக்கு ஊசி போடும் முன் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் ஓட்டி, ஓட்டிய பிறகு மருந்து அளவை மறுபடி அளந்துகொள்ளுங்கள், துகள் பெரிதாகியிருந்தால் பாதி வடிகட்டியிலேயே நின்றிருக்கும். எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு) சோதனையையும் அந்தக் கடைசிக் கரைசலிலேயே செய்யுங்கள், வாங்கிய பாட்டிலின் சான்றிதழ் போதாது. கரித்தூள், டயாலிசிஸ் பை, பத்தி என எல்லாம் தாண்டி வரும்போது எங்காவது ஒட்டிக்கொண்டு வரும், அந்த எண்டோடாக்சினே எலியின் கட்டியில் ரத்தக்கசிவை உண்டாக்கிச் சுருங்க வைக்கும், நீங்கள் மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடுவீர்கள்.